இரும்பின் இசை

இசையென்பது செவிக்கு இனிமை பயப்பது என்று நம்மனோர் கூறுவர். யாம் ஈண்டு எழுதப் புகுந்த இசைத்தட்டோ அவ்விலக்கணத்துள் அடங்காது. இங்கிலாந்து தேயத்து வெனம் என்னும் மூவர் குழு 1982-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிளாக் மெட்டல்' என்பதே அது. அதன் பெயரே பின்னர் ஓர் இசைவகைக்குப் பெயராயிற்று. திராஷ் எனப்படும் கடுவிரைவு இசைக்கும் அது முன்னோடி.

ஓசூரில் தொழில் பழகிய நாளில் யாம் நால்வர் ஓரறையில் உறைந்தோம். பெங்களூர் நாற்பது கிலோமீட்டர் சேய்மையே. ஆங்கிருந்து வந்த தோழரொருவர் இதனை எம் கைப்பேசியில் இட்டுச் சென்றனர். இரவு ஷிப்டு முடிந்து வந்து அதனை முழக்கியபோது, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே மூச்சிற் பேசவல்ல வீட்டுக்கார அம்மையார் கதவைத் தட்டி, "உள்ளே மாவு மிஷினா ஓடுகிறது?" என்று வினவினர். ஒப்புமை பிழையன்று. கிதாரின் ஒலி இரும்பின்மேல் அரம் ஓடுவது போன்றது. முரசுகள் தாளத்தையும் முந்த விரைகின்றன. பாடுவோர் பாடுகின்றாரல்லர், உறுமுகின்றார். பதிவும் கரடானது. ஆயினும் நாள் முழுதும் லேத்தின் ஓசையில் நின்ற எமக்கு, அவ்வோசையைத் தாளத்துக்கு அடக்கிக் காட்டியோர் இவரே என்று தோன்றியது.

இவ்விசை தொழிலூர்களிற் பிறந்தது தற்செயலன்று என்பது எம் துணிபு. வெனம் தட்டுப் பதிவான வால்சென்ட் கப்பல் கட்டிய ஊர். செருமானியத்துச் சோடம் குழுவின் பாடகர் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். இவர்கட்கெல்லாம் மூத்த பிளாக் சாபத் குழுவின் டோனி அயோமி, பர்மிங்காமில் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் பதினேழாம் வயதில் இருவிரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக் குப்பியை உருக்கி விரலுறை செய்து, பின்னர் நரம்புகளையும் தளர்த்தி வாசித்தார். அந்தக் கனத்த ஒலியே இவ்விசைக்கு அடிப்படையாயிற்று.

வெனம் குழுவினர் சாத்தானைக் கூவி அழைப்பது கண்டு நம் கலாசாலைப் பெரியோர் முகஞ்சுளித்தல் இயல்பே. அது கேளிக்கை வேடமே என்று அக்குழுவின் பாடகர் உரைத்துள்ளார். கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தெருக்கூத்தில் துரியோதனன் வேடம் பூண்டோனை மறுநாள் தேநீர்க் கடையில் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. எனினும், 1990-களின் முற்பகுதியில் நார்வேயில் அவ்வேடத்தை மெய்யெனக் கொண்ட இளைஞர் சிலர் மரத்தாலாய பழந்தேவாலயங்களை எரித்தனர். இதனை மறைத்து அவ்விசையைப் புகழ எமக்கு மனமில்லை.

அண்மையிலேயே அதன் வழித்தோன்றல் உண்டு. பெங்களூரில் 1998-இல் தோன்றிய கிரிப்டாஸ் குழு, 1980-களின் பழைய முறையையே போற்றி, 2013-இல் செருமானியத்து வாக்கன் விழாவில் வாசித்தது.

எம் நால்வருள் ஒருவர் பட்டறையொன்றில் பிரஸ்ஸின்கீழ் இடக்கை மோதிர விரலின் நுனியை இழந்தவர். அயோமியின் வரலாற்றை அவர்க்கு யாமே படித்துக் காட்டினோம். மறுமாதச் சம்பளத்தில் பழைய கிதாரொன்று வாங்கினார். விரலுக்குத் தோலுறை தைத்துக் கொடுப்பவர் பேருந்து நிலையத்தருகே செருப்புத் தைக்கும் முதியவர். இரு வாரத்துக்கொரு முறை அது தேய்ந்துபோகிறது.