அப்பாவின் ஸ்பேனர்

அப்பாவின் டூல்ஸ் பெட்டி என் பங்குக்கு வந்தது. கிரீஸைத் துடைத்ததும் ஒரு ஸ்பேனரில் காக்கா கால் போல மூன்று கோடுகள், பக்கத்தில் 1943. பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கு இடும் அம்புக்குறி! களவு போகாமலிருக்கத்தான். அதை அழிப்பதே குற்றமென்று 1875-இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். போர் முடிந்ததும் ராணுவத்தின் மிச்சச் சரக்கு விற்பனைக்கு வந்து பழைய சாமான் கடைகளில் குவிந்தது. அப்பா மூர் மார்க்கெட்டில் வாங்கியிருப்பார், பேரம் பேசாமல் விட்டிருக்க மாட்டார்.

1/2 W என்று பொறித்திருக்கிறது, விட்வொர்த் என்னும் பழைய பிரிட்டிஷ் திருகு அளவு. அரை அங்குலம் போல்ட்டின் தண்டுக்குத்தான். ஸ்பேனரின் வாய் ஏறக்குறைய 23.4 மில்லிமீட்டர். இன்றைய 22 நட்டுக்குத் தொளதொள, 24-க்கு நுழையவே நுழையாது. எடைக்குப் போடச் சொல்கிறான் தம்பி. பக்கத்துப் பட்டறையின் பழைய லேத்தில் விட்வொர்த் நட்டுதான், அங்கே கேட்டுப் பார்க்கணும்.