மண்வாசனையின் சொந்தக்காரர்கள்

ஃபிலிப் கான்ஸ்டன்ட், லோரியே புவாசான், ரிச்சர்ட் வில்மூர் மூவருக்கும்,

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டிலிருந்து எழுதுகிறேன். கனடாவின் கியூபெக்கில் இருந்துகொண்டு நீங்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வுக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறேன்.

காற்றில் ஹைட்ரஜன் வாயு பத்து லட்சத்தில் அரைப் பங்குதான். காற்றைவிட்டு நீங்கும் ஹைட்ரஜனில் ஏறத்தாழ முக்கால் பங்கை மண்தான் எடுத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் அந்த வேலையைச் செய்வது யார் என்பது மட்டும் வெகுகாலம் பிடிபடவில்லை. ஹைட்ரஜனைத் தின்னும் பாக்டீரியாக்கள் ஆய்வகங்களில் இருந்தன. அவற்றுக்கோ வாயு ஏராளமாக வேண்டும். காற்றிலுள்ள இந்தத் துளியை அவற்றால் எட்ட முடியவில்லை. செத்துப்போன செல்களிலிருந்து கசிந்து மண்துகளில் ஒட்டிக்கிடக்கும் நொதிகளின் வேலை அது என்றே பலரும் கருதினார்கள்.

நீங்கள் உயிரோடு ஒன்றைப் பிடித்துக் காட்டினீர்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ்! கோடை மழையின் முதல் துளி விழுந்ததும் எங்கள் காட்டில் எழும்பும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினைச் சுரக்கும் பாக்டீரியாப் பேரினம். சின்ன வயதிலிருந்து மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தது இவர்களைத்தானா என்று, உங்கள் ஆய்வைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அதிலும், தீனி குறைந்து வித்துக்கட்டும் பருவத்தில்தான் இவை காற்றின் ஹைட்ரஜனை எடுக்கின்றன. பஞ்சத்தைத் தாண்ட அந்தத் துளி வாயு போதுமானதாக இருக்கிறது.

அப்பா உழவுக்கு முன் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பார்ப்பார். ஒட்டினால் கீழே போட்டுவிடுவார். கட்டியாக நின்றாலும் ஆகாது. பொலபொலவென்று உதிர்ந்தால் "பதம் வந்துருச்சு" என்பார். உங்கள் பாக்டீரியாக்கள் கேட்பதும் ஏறக்குறைய அந்தப் பதத்தைத்தான். மண் சுத்தமாகக் காய்ந்தால் அவை முடங்கிவிடும். நீர் தேங்கினால் வேறு சிக்கல்: காற்றில் பரவுவதைவிட நீரில் ஹைட்ரஜன் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். பாக்டீரியா விழித்திருக்கும், வாயு வந்து சேராது. நனைந்த கரிசல் உப்பித் துளைகளை மூடிக்கொள்ளும் என்பதால் ஐப்பசி அடைமழையில் எங்கள் காடு மூச்சடைத்துக் கிடக்கும் என்றே நினைக்கிறேன். மணல் கலந்த செம்மண்ணில் நீர் சீக்கிரம் வடிந்து துளைகள் திறந்துவிடும்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தைப் பசுமை ஹைட்ரஜன் மையமாக்கத் திட்டம் இருக்கிறது. எனக்கு அது நல்ல செய்தி. ஆனால் ஹைட்ரஜன் மிகச் சிறிய மூலக்கூறு, எந்த இடுக்கிலும் கசியும். கசிந்தது, மீத்தேனை அழிக்க வேண்டிய ஹைட்ராக்சில் கூறுகளைத் தின்றுவிடும். மீத்தேன் காற்றில் கூடுதல் நாள் தங்கும். இப்படிச் சுற்றி வந்து, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 11 மடங்கு வெப்பத்தைக் கசிந்த ஹைட்ரஜன் ஏற்றுகிறது. கசிவை அடைப்பது பொறியாளர் பொறுப்பு. தப்பியதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளப்போவது மண். அது எந்தப் பதத்தில் இருந்தால் எவ்வளவு வாங்கும் என்று கணக்கிடும்போது அங்கே ஓர் உயிர் இருக்கிறது என்று தெரிந்து கணக்கிடுகிறோம். அதற்குத்தான் இந்த நன்றி.

ஐப்பசிக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. காட்டில் கை நுழையும் அளவுக்கு வெடிப்புகள் திறந்து கிடக்கின்றன.

அன்புடன்,
ஒரு கரிசல் விவசாயியின் மகள்