வல்லாரையும் ஒரு துண்டுத் தாளும்

சென்ற ஆண்டு, நினைவுத் திருப்பலி ஒன்றில் யாருக்காகப் பலி ஒப்புக்கொடுத்தோமோ அவருடைய பெயரே நம் நாவுக்கு எட்டவில்லை. உபதேசியார் அருகில் வந்து மெல்லச் சொன்னார். முன்வரிசையில் அமர்ந்திருந்த விதவையின் முகத்தை நாம் இன்னும் மறக்கவில்லை. அது மட்டும் மறப்பதில்லை!

நினைவைப் பரந்த மாளிகை எனப் புனித அகுஸ்தீனார் வியந்ததைக் குருமடத்தில் பயின்றோம். அதன் விளக்குகள் அணையக்கூடும் என அன்று எண்ணினோமில்லை.

மறுநாளே குருமனை அடுக்களையில் வல்லாரைத் துவையல் இடம் பிடித்தது. சரசுவதிக் கீரை என்று மக்கள் போற்றும் இலை அது. பிரமி என விற்கப்படும் நீர்ப்பிரமியோ வேறு செடி. பன்னிரண்டு வார அளவிலான சிறு ஆய்வுகள் சிலவற்றில் அது ஓரளவு பயன் தந்ததாகத் தெரிகிறது. பெரிதும் புகழப்பட்ட கிங்கோ இலைச்சாறு, 75 வயதும் அதற்கு மேலுமான மூவாயிரத்துக்கும் அதிகமான அமெரிக்கரிடம் சோதிக்கப்பட்டு, மறதிநோயைத் தடுக்கவில்லை என்று 2008இல் வெளியாயிற்று.

நம் பங்கு மூதாட்டி ஒருவருக்கு ஓராண்டாக லேகியமே ஊட்டினர். பிள்ளைகளின் பெயர்கூட மறந்துபோயிற்று. அவருக்குக் காலமெல்லாம் கஞ்சியும் ஊறுகாயுமே உணவு. நாமும் செபித்தோமேயன்றி, மருத்துவரிடம் போகச் சொன்னோமில்லை. பின்னர் இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 குறைவு தெரிந்தது. ஊசிகளுக்குப்பின் அவர் நம்மை அடையாளங்கண்டு, "சாமி, இளைச்சிட்டீங்களே" என்றார்.

நாமும் இரத்தம் கொடுத்துப் பார்த்தோம், குறையில்லை. துவையலை விடவில்லை, சுவையாயிருக்கிறது. இறந்தோர் பெயரைத் துண்டுத் தாளில் எழுதிப் பீடத்தில் வைத்துக்கொள்கிறோம்.