எடைக்குப் போகாத இரும்பு



உங்கள் வீட்டுக் கொல்லையிலும் பழைய பொருள் ஏதேனும் துருப்பிடித்துக் கிடக்கக்கூடும். தையல் இயந்திரமாக இருக்கலாம்; தண்ணீர் இறைத்த பம்புசெட்டாகவும் இருக்கலாம். பழைய இரும்பு வாங்குபவர் வாசலில் வந்து நின்றால், எடைபோட்டுக் கொடுத்து இடத்தைக் காலி செய்யவே மனம் நாடும். அதற்கு முன், எங்கள் அனுபவத்தைச் சற்றுக் கேளுங்கள்.

சேத்தூரில் எங்கள் வீட்டில் கிடந்தது 1966 ஆம் ஆண்டின் புல்லட் மோட்டார் சைக்கிள். எங்கள் அத்தா அதன் பின்னே ஜவுளி மூட்டைகளைக் கட்டிக்கொண்டு, இராஜபாளையத்துக்கும் சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் சென்று வியாபாரம் செய்தார்கள். எங்கள் படிப்பும் சகோதரிகளின் திருமணங்களும் அந்த இரு சக்கரங்களின் மீதுதான் நடந்தேறின. அத்தா மறைந்தபின் பல்லாண்டுகள் அது அசையவே இல்லை.

அந்த வண்டிக்கு இங்கிலாந்தின் ரெடிச் நகரமே பூர்வீகம். ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1901 முதல் மோட்டார் சைக்கிள் செய்து வந்தது. 1950களின் முற்பகுதியில் இந்திய இராணுவம் எல்லைக் காவலுக்கென 800 புல்லட்டுகளை வாங்கியது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன. 1962க்குள் அனைத்தும் இங்கேயே தயாராயின. ரெடிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றுபோனது. தாய்வீடு பூட்டப்பட்ட பின்னும் திருவொற்றியூரில் புல்லட் பிறந்துகொண்டே இருந்தது. 1977 முதல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று என்பது எத்தகைய விந்தை!

எங்கள் வண்டியைச் சீர்செய்ய முன்வந்தவர், எழுபது வயதைக் கடந்த ஒரு மெக்கானிக். என்ஜின் இறுகிக் கிடந்தது. அவர் சுத்தியலைத் தொடவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே எண்ணெய் ஊற்றி, பொறுத்திருக்கச் சொன்னார். ஐந்தாம் நாள் பிஸ்டன் மெல்ல அசைந்தது. அதன் விட்டம் 70 மில்லிமீட்டர். அது மேலும் கீழும் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 சி.சி. துருப்பிடித்த சிலிண்டரைப் பட்டறையில் கடைந்து, அதற்கேற்பச் சற்றே பெரிய பிஸ்டனைப் பொருத்தினோம். வால்வுகள் தேய்த்து உட்கார வைக்கப்பட்டன. வயரிங் முழுவதும் புதிதாயிற்று. பிரேக்கும் டயர்களும் உயிர் காக்கும் பாகங்கள். அவற்றில் சிக்கனம் கூடாது என்று பெரியவர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

வண்ணம் பூசும் வேளையில்தான் வீட்டில் கருத்து வேற்றுமை எழுந்தது. பளபளவென்று புதுவண்ணம் வேண்டும் என்றான் என் மகன். என் அம்மாவோ பெட்ரோல் டேங்கின் அருகே வந்து, அத்தாவின் முழங்கால் உரசி உரசி வண்ணம் தேய்ந்திருந்த இடத்தைக் கையால் தடவினார்கள். “இதை மட்டும் அழித்துவிடாதீர்கள்” என்றார்கள். தொழிற்சாலையில் ஒரு கலைஞர் கையால் வரைந்த தங்கநிறக் கோடுகளும் அதனருகே மங்கலாக இருந்தன. மகன் வாதாடவில்லை. துருவை நீக்கி, டேங்கின் உட்புறத்தைச் சுத்தம் செய்து, வெளிப்புறத்தை அப்படியே விட்டோம்.

இதனை ஓட்டுவதும் ஒரு தனிப்பாடம். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில்! கிளப்புவதற்கு வெறும் பலம் போதாது. கிக்கரை மெல்ல மிதித்து அழுத்தம் தட்டுப்படும் இடத்தை அறிய வேண்டும். டிகம்ப்ரஷரைப் பிடித்து, அம்மீட்டரின் முள் நடுவே வரும்வரை சற்றே நகர்த்த வேண்டும். பிறகு அதை விட்டுவிட்டு, ஒரே சீராக மிதிக்க வேண்டும். அவசரக்காரனின் காலைத் திருப்பி உதைத்துவிடும்! என் மகன் மூன்று நாட்களில் இந்தப் பொறுமையைக் கற்றான். இப்போது மேற்கு மலைத்தொடரைப் பார்த்தபடி சிவகிரி சாலையில் நிதானமாகச் செல்கிறான்.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவுசெய்ய 2021இல் மத்திய அரசு விதி வகுத்தது. அப்படிப் பதிந்தால் அன்றாடப் பயன்பாட்டுக்குச் சாலையில் ஓட்ட இயலாது. ஆகவே நாங்கள் வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொண்டோம். உழைத்த வண்டி உழைத்துக்கொண்டே இருக்கட்டும் என்பது அம்மாவின் விருப்பம்.

வாசகர்களே! உதிரிப் பாகங்கள் கடையில் கிடைக்கின்றன. ஓசையைக் கேட்டே நோயை அறியும் அந்தப் பெரியவரின் காது எந்தக் கடையில் கிடைக்கும்? அவருடைய பிள்ளைகள் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டார்கள். இப்போது ஞாயிறுதோறும் என் மகன் அவரருகே அமர்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறான். உங்கள் ஊரிலும் இத்தகைய கைவினைஞர்கள் இருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே உங்கள் பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பி வையுங்கள்.