பில்லின் கடைசி வரி

கல்முனையில் எங்கள் வாப்பாவுக்கு ஒரு சிறிய புடவைக் கடை இருக்கிறது. அவர் கொடுக்கும் ஒவ்வொரு பில்லின் அடியிலும் "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று அச்சிட்டிருக்கும். நான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியதே அந்த வரியில்தான் என்று உம்மா பகிடியாகச் சொல்வார். அதே வரி எங்கள் கையிலேயே இன்னொரு கடையின் பில்லில் வந்து சேரும் என்று நான் நினைக்கவில்லை.

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவைத் தெரிவு செய்ததும் எனக்கு மடிக்கணினி தேவைப்பட்டது. உம்மா இரண்டு வருடமாகக் கட்டிய சீட்டு விழுந்தது. கொழும்பில் ஒரு கடையில் 165,000 ரூபாவுக்கு வாங்கினோம். ஒரு வருட வொரண்டி.

ஒன்பதாம் நாள் திறந்தபோது திரை இருண்டது. சற்றுச் சாய்த்துப் பிடித்தால் படம் வரும்; கையை எடுத்தால் போய்விடும். ஒரு கையால் திரையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தட்டச்சு செய்து சில நாள் சமாளித்தேன். வீட்டில் சொல்லப் பயம். நான்தான் எதையோ உடைத்துவிட்டேன் என்று நினைப்பார்களே! அந்தப் பயத்தில் வீணாகக் கழித்த நாட்களை நினைத்தால் இப்போதும் என்மீதே கோபம் வருகிறது.

வாப்பா இரவு பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, "சரியாக்கிட்டோம்" என்று தந்தார்கள். ஐந்து நாள்தான் நன்றாக வேலை செய்தது. இரண்டாம் முறை நானும் வாப்பாவுடன் போனேன். முகப்பில் நின்ற இளைஞர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஹாஜியார், இதுக்குள்ள தண்ணி போயிருக்கு. தண்ணி பட்டா வொரண்டி இல்ல. திரை மாத்த 38,000 ஆகும்."

"தண்ணி படல்ல" என்றேன். குரல் நடுங்கியது. அவர் என்னைப் பார்க்காமல் பில்லின் கடைசி வரியை வாப்பாவுக்கு விரலால் காட்டினார். வாப்பா எதுவும் பேசவில்லை. தன்னுடைய வசனத்தையே இன்னொருவர் தனக்கு வாசித்துக் காட்டும்போது என்னதான் சொல்வது?

திரும்பி வரும் வழியெல்லாம் இருவரும் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உம்மா, "என்ட சீட்டுக் காசு" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் வணிகப் பிரிவு ஆசிரியை ஒருவரிடம் இதைச் சொன்னேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தைத் தேடி வாசிக்கச் சொன்னார். தமிழிலும் இருக்கிறது. நீளமான வாக்கியங்கள், மூச்சு வாங்கும். ஆனால் 13 ஆம் பிரிவு எனக்கென்றே எழுதியதுபோல் இருந்தது. வியாபாரி வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லாத பொருளைப் பற்றி அதிகார சபையிடம் முறையிடலாம். விசாரித்துச் சரியென்று கண்டால் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ சபை கட்டளையிடும். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். நான் விரல் விட்டு எண்ணினேன். 52 நாட்கள் போய்விட்டிருந்தன. வொரண்டி ஒரு வருடம் என்பதால் அவசரமில்லை என்றல்லவா இருந்தோம்! கடைக்காரர் "அடுத்த கிழமை வாங்க, அடுத்த கிழமை வாங்க" என்று இன்னும் ஆறு கிழமை இழுத்திருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும். ஆலோசனை கேட்பதற்கு 1977 என்ற இலக்கமும் இருக்கிறது.

வாப்பா சம்மதிக்கவில்லை.

"நானும் கடை வெச்சிருக்கிற ஆள், மகள். இன்னொரு கடக்காரனப் பத்தி எழுதிக் குடுக்கிறதா? பெருநாளைக்கு உடுத்துப்போட்டு மூணாம் நாள் 'அளவில்ல' எண்டு கொண்டு வாறவங்கள நான் எத்தின பேரப் பாத்திருக்கன்!"

அது உண்மைதான். அத்தர் மணக்கும் சேர்ட்டுகளை நானும் கடையில் பார்த்திருக்கிறேன். நிறம் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பிக் கொடுப்பதை இந்தச் சட்டம் கேட்கவில்லை. பழுதைத்தான் கேட்கிறது என்று சொன்னேன். "தானியக் குவியலுக்குள்ள நபி (ஸல்) அவங்க கைய விட்டு ஈரத்தக் கண்டுபிடிச்ச கதைய நீங்கதானே எங்களுக்குச் சொல்லித் தந்த, வாப்பா?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் வுழூச் செய்யப் போய்விட்டார்.

உம்மாதான் வழியைத் திறந்தார். சீட்டுக் கணக்குக் கொப்பிக்குள் பில், வொரண்டி அட்டை, முதல் முறை திருத்தக் கொடுத்தபோது தந்த துண்டு எல்லாவற்றையும் மடித்து வைத்திருந்தார். அந்தத் துண்டில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருந்தன. நீர் சேதம் என்ற இடத்தில் "இல்லை" என்று பேனையால் அடையாளமிட்டு, கடை முத்திரையும் குத்தியிருந்தது. அதன் பிறகு மூன்று வாரம் மடிக்கணினி அவர்களிடம்தான் இருந்தது.

இஷாவுக்குப் பிறகு வாப்பாவே பேனையை எடுத்தார். கோபமாக ஒரு சொல்லும் எழுதவில்லை. வாங்கிய திகதி, தொடரிலக்கம், பழுது கண்ட நாள், திருத்தக் கொடுத்த நாள், துண்டின் பிரதி. 14 நாட்களுக்குள் மாற்றித் தராவிட்டால் 13 ஆம் பிரிவின் கீழ் முறையிடுவோம் என்று கடைசியில் ஒரு வரி. பதிவுத் தபாலில் போட்டுவிட்டு, பற்றுச்சீட்டையும் உம்மாவின் கொப்பிக்குள் வைத்தோம்.

11 ஆம் நாள் கடை முதலாளியே தொலைபேசியில் பேசினார். புதியது தந்தார்கள். அந்த இளைஞர் அன்று தேநீரும் கொண்டு வந்து வைத்தார். அவர்மீது எனக்குக் கோபம் இருக்கவில்லை. சொல்லச் சொன்னதைத்தான் அவர் சொல்லியிருப்பார்.

சென்ற மாதம் எங்கள் கடையின் பில் புத்தகம் முடிந்தது. அச்சகத்துக்குக் கொடுப்பதற்காகப் பழைய பில் ஒன்றைக் கிழித்து என் மேசையில் வைத்தார் வாப்பா. கடைசி வரியைப் பேனையால் வெட்டியிருந்தார்.

"நல்லதா ஒண்டு எழுதித் தாங்க மகள்."

"பழுதான பொருட்கள் பில்லுடன் மாற்றித் தரப்படும்" என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"சரி. பெருநாளைக்கு உடுத்தது இதுல சேராது எண்டும் போடுங்க."