நெருக்குதலுக்கும் ஓர் அறம் உண்டு

ஆயுதம் ஏந்திய குழுக்களை அரசுகள் எவ்வாறு அடக்குவது? இவ்வினா எங்கோ தொலைதேசங்களுக்கு மட்டும் உரியதன்று. நம் கோபாலபுரத்துக்கு அண்மைத் தெருக்களே அதற்குச் சாட்சி.

1982 மே 19 அன்று பாண்டி பஜாரில் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் துப்பாக்கிச் சண்டையிட்டுக் கைதாயினர். பின்னர்ப் பிணையில் வெளிவந்தனர். 1983-க்குப் பின் இந்திய அரசே ஈழ இயக்கங்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் அளித்தது. 1986 நவம்பரில் தமிழகக் காவல்துறை அவ்வியக்கங்களின் ஆயுதங்களைப் பறிமுதல் செய்தது. 1990 ஜூன் 19 அன்று கோடம்பாக்கத்தில் பத்மநாபாவும் அவர்தம் தோழர்களும் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். மறு ஆண்டு மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன் பிறகே, 1992 மே 14 அன்று, புலிகள் இயக்கம் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. நேற்றுக் கொடுத்த கையே இன்று பறித்தால், சட்டம் காலத்துக்கேற்ப வளையும் என்றே ஆயுதம் ஏந்தியோர் எண்ணுவர்.

பின்னர் உலக நாடுகளும் தடை விதித்தன: அமெரிக்கா 1997-இல், பிரிட்டன் 2001-இல், கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006-இல். புலம்பெயர்ந்த தமிழரிடம் அச்சுறுத்திப் பணம் பெறப்படுவதை 2006-இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளிப்படுத்தியது. வாசலில் வந்து நின்றோரிடம் மறுக்க அஞ்சிய குடும்பங்களுக்குச் சட்டம் ஒரு துணையாயிற்று. பணத்தின் ஊற்றை அடைப்பது குருதி சிந்தாத நெருக்குதல். எனினும் ஐரோப்பியத் தடைக்குப் பின், அவ்வொன்றியத்தைச் சேர்ந்த போர்நிறுத்தக் கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டுமெனப் புலிகள் கோரினர், அவர்களும் வெளியேறினர். பேச்சுக்கான கதவு மேலும் சாத்தப்பட்டது.

வலிமை அளவோடு பயன்படுத்தப்பட வேண்டும், குற்றமற்றோர் காக்கப்பட வேண்டும் என்பன நாம் குருமடத்தில் பயின்ற நெறிகள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இவ்விரண்டும் மாண்டன. புலிகள் மக்களைக் கேடயமாக்கினர். அரசு அம்மக்கள்மீதே குண்டு பொழிந்தது. 2011 சனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, 1,46,679 பேரின் நிலை என்னவென்று அரசு ஆணைக்குழுவின் முன் கேட்டார். துப்பாக்கிகள் ஓய்ந்தன; அக்கேள்வி ஓயவில்லை.

அன்பர்களே, வன்முறையாளரை அரசு நெருக்குவது கடமையே. அந்நெருக்குதல் என்றும் மாறாததாக, சட்டத்துக்குக் கட்டுப்பட்டதாக, மனம் திரும்புவோருக்கு வழி விடுவதாக, எளியோரைக் காப்பதாக இருத்தல் வேண்டும். இயக்கத்திடம் கேட்கும் கணக்கை அரசிடமும் கேட்க நமக்குத் துணிவு வேண்டும்.