ஆண் ஹார்மோனும் ஸ்ட்ரோக்கும்

நடுவயதில் பெண்களைவிட ஆண்களுக்குத்தான் ஸ்ட்ரோக் அதிகம் வருகிறது. அப்படியென்றால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன்தான் குற்றவாளியா? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் இடிக்கிறது. வயது ஏற ஏற டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது, ஸ்ட்ரோக்கோ கூடுகிறது!

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 70 வயதைத் தாண்டிய 3443 ஆண்களின் ரத்தத்தைச் சோதித்து, சில வருடங்கள் கவனித்து வந்தார்கள். 2009இல் முடிவு வந்தது. டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்தவர்களுக்கு ஸ்ட்ரோக்கோ, வந்த வேகத்தில் சரியாகிவிடும் 'மினி ஸ்ட்ரோக்'கோ வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சரி, குறைந்ததை ஊசியிலோ ஜெல்லிலோ ஏற்றிவிட்டால் போச்சு என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். தொப்பை, சர்க்கரை, நாள்பட்ட நோய் எல்லாமே டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும். ஸ்ட்ரோக்குக்கும் அவையே வழி போடும். புகையை விசிறிவிட்டால் நெருப்பு அணைந்துவிடுமா?

2013இல் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு, இந்த ஹார்மோனை எடுத்துக்கொண்டவர்களுக்கு மரணம், மாரடைப்பு, ஸ்ட்ரோக் ஆபத்து கூடுதல் என்றது. 2015இல் அந்த நாட்டு எஃப்.டி.ஏ. மருந்து லேபிளில் எச்சரிக்கை போடச் சொன்னது. பிறகு 2023இல் 'டிராவர்ஸ்' ஆய்வின் முடிவு வந்தது. 5200க்கும் மேற்பட்ட ஆண்கள். பாதிப்பேருக்கு நிஜ ஜெல், மீதிப்பேருக்கு டம்மி ஜெல். இதயநோய் மரணம், மாரடைப்பு, ஸ்ட்ரோக் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள் நிஜ ஜெல்லில் 7.0%, டம்மியில் 7.3%. பெரிய வித்தியாசம் இல்லை.

என் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் பிடித்துக்கொண்டது இந்த ஒரு வரியைத்தான். ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று ஊசி போட்டுக்கொள்ளப் பார்க்கிறான். "அமெரிக்காவுலயே ஆபத்து இல்லன்னு சொல்லிட்டாங்கடா" என்கிறான். அவனுக்கு வயது 21.

அவனுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அந்த ஆய்வில் இருந்தவர்கள் 45 முதல் 80 வயதுக்காரர்கள். டெஸ்டோஸ்டிரோன் நிஜமாகவே குறைந்தவர்கள். ரத்தம் சோதித்துச் சோதித்து அளவு கொடுத்தார்கள். அப்படியும் நிஜ ஜெல் போட்டவர்களில் 3.5% பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற இதயத்துடிப்பு வந்தது, டம்மியில் 2.4%. இந்தத் துடிப்பில் இதயத்துக்குள் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் அதுவே ஸ்ட்ரோக்.

ஜிம் ஊசியில் அளவுக்குக் கணக்கே கிடையாது. டெஸ்டோஸ்டிரோன் அதிகமானால் சிவப்பணுக்கள் பெருகி ரத்தம் கெட்டியாகும், பிரஷர் ஏறும். போதாக்குறைக்கு, வெளியிலிருந்து வருகிறதே என்று உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். விந்தணுவும் குறையும். ஆண்மைக்காகப் போடும் ஊசி செய்யும் வேலையைப் பாருங்கள்!

சந்தேகம் இருந்தால் காலையில் ரத்தம் கொடுத்து, வேறொரு நாளும் சோதித்து, டாக்டரிடம் காட்டுங்கள். குறைந்திருந்தால் ஏன் குறைந்தது என்று முதலில் கேளுங்கள். எதுவுமே குறையாத 21 வயதில் ஊசி எதற்கு?